பட்டுப் பிரிவில் விடுபட்ட ‘இல்லை’: காது கேளாத வாடிக்கையாளரும் ஒரு ஜவுளிக்கடையும் — நிகழ்வு ஆய்வு

இங்கே விவரிக்கப்படும் நிகழ்வு, திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் உள்ள ஒரு நடுத்தர ஜவுளிக்கடையில், ஆடித் தள்ளுபடி விற்பனை உச்சத்தில் இருந்த ஒரு சனிக்கிழமை மாலையில் நடந்தது. காது கேளாத தம்பதியர் 12,400 ரூபாய் விலையுள்ள பட்டுப்புடவை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பில் போடும் இடம் வரை வந்து, தொகையில் எழுந்த தகராறால் புடவையை அங்கேயே விட்டுவிட்டு வெளியேறினார்கள். கடை ஊழியர்களுக்கு அவ்வப்போது பயிற்சி நடத்துகிறவன் என்ற முறையில், யார் மீது தவறு என்று விசாரித்துச் சொல்லும்படி முதலாளி என்னைக் கேட்டுக்கொண்டார். விசாரணை தொடங்கிய சிறிது நேரத்திலேயே அந்தக் கேள்வி பயனற்றது என்று தெரிந்துவிட்டது. விற்பனையாளர் உண்மையைத்தான் சொல்லியிருந்தார். வாடிக்கையாளர் கவனமாகத்தான் பார்த்திருந்தார். இருந்தும் செய்தி போய்ச் சேரவில்லை. அது எந்த இடத்தில் அறுந்தது என்பதே இந்த ஆய்வின் பொருள்.

விற்பனையாளர், கேஷ் கவுண்டரில் இருந்தவர், அந்தத் தளத்தின் சூப்பர்வைசர் ஆகியோரிடம் தனித்தனியாகப் பேசினேன். தம்பதியரிடம் சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் துணையோடு பேசினேன். அவர்களின் ஒப்புதலோடு, அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியே எழுதுகிறேன். இவற்றைத் தவிர, கூரையில் இருந்த கண்காணிப்புக் கேமராவின் பதிவும் கிடைத்தது. அதில் ஒலி இல்லை. பேச்சே கேட்காமல் உதடுகளும் கைகளும் முகத்திருப்பங்களும் மட்டுமே தெரிகிற அந்தப் பதிவு, ஏறத்தாழ அந்தக் கணவர் அன்று கண்டதையே எனக்குக் காட்டியது.

இந்தக் கடைக்குக் காது கேளாதவர்கள் வருவது புதிதல்ல. பாளையங்கோட்டையில் காது கேளாதோருக்கான பள்ளி 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இயங்கி வருகிறது. அங்கே படித்துவிட்டுச் சுற்றுவட்டாரத்திலேயே வேலை தேடிக்கொண்டு, குடும்பமாகிவிட்டவர்கள் பலர். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியாவில் கேட்டல் குறைபாடு உள்ளவர்களாக 50 லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பதிவு செய்தது. வயது காரணமாகக் கேட்கும் திறன் குறைந்தும் அதை யாரிடமும் சொல்லாதவர்களைச் சேர்த்தால் எண்ணிக்கை இன்னும் பெரிதாகும். ஆயினும் கடையில் பல ஆண்டு அனுபவமுள்ள விற்பனையாளர்களிடம், அப்படி ஒருவர் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டபோது, ஏறக்குறைய எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: கூட வந்தவர் யாரோ அவரிடம் பேசிக்கொள்வோம். இந்தப் பதிலில் கெட்ட எண்ணம் ஏதுமில்லை. ஆனால் பணம் கொடுப்பவரை விட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்பவரிடம் வியாபாரம் பேசும் வழக்கம் அந்தக் கடையில் எவ்வளவு இயல்பாகிவிட்டது என்பதை அது காட்டியது.

நடந்தது என்ன

மனைவியின் தங்கைக்கு ஆவணியில் திருமணம். அதற்காகப் பட்டு எடுக்கக் கணவன், மனைவி, காது கேட்கும் அவர்களின் மகள் ஆகிய மூவரும் வந்தார்கள். மகளுக்கு ஒன்பது, பத்து வயதிருக்கும். நுழைவாயிலில் ‘10 சதவீதம் ஆடித் தள்ளுபடி’ என்ற பதாகை ஆள் உயரத்தில் தொங்கியது. பட்டுப்புடவைகளுக்கு இது பொருந்தாது என்ற நிபந்தனை, ஒரு நட்சத்திரக் குறியோடு, அதன் அடியில் கையகல எழுத்தில் கூட இல்லை, விரற்கடை எழுத்தில் இருந்தது.

பட்டுப் பிரிவில் அரை மணி நேரத்துக்கும் மேலாக எல்லாம் நன்றாகவே நடந்தது. விற்பனையாளர் இளைஞர், பொறுமைசாலி. மனைவி நிறத்தைக் கையால் காட்டினார். அவர் எடுத்து விரித்தார். பார்டர் அகலம் குறைவாக வேண்டும் என்பதை அந்தப் பெண் இரு விரல்களை நெருக்கிக் காட்டியதும் அவருக்குப் புரிந்தது. அரக்கு நிறத்தில் மயில்கழுத்துப் பார்டர் போட்ட ஒரு புடவையைத் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்து, கணவனும் மனைவியும் கண்ணாடி வழியாகவே ஒருவருக்கொருவர் சைகையில் பேசி முடிவெடுத்தார்கள். விலைச்சீட்டில் 12,400 என்று இருந்தது. கணவர் வாசல் பக்கம் கைகாட்டி, கேள்விக்குறியாக முகத்தை வைத்துக்கொண்டு, தள்ளுபடி உண்டா என்று கேட்டார். விற்பனையாளர், “பட்டுக்குத் தள்ளுபடி கெடையாது சார்” என்றார். கணவர் தலையசைத்தார். புடவை மடிக்கப்பட்டது. எஸ்டிமேட் சீட்டு எழுதப்பட்டுக் கீழ்த்தளத்துக் கேஷ் கவுண்டருக்குப் போயிற்று.

அங்கே கணவர் 11,160 ரூபாயை எண்ணி நீட்டினார். கேஷ் கவுண்டரில் இருந்தவர், இன்னும் 1,240 வேண்டும் என்றார். கணவர் எஸ்டிமேட் சீட்டைக் காட்டினார், விரல்களால் பத்து என்று காட்டினார், குரல் கொடுத்தும் பேச முயன்றார். அவருடைய குரலின் அளவு அவருக்கே தெரியாது. கவுண்டரில் இருந்தவருக்கோ அது அதட்டலாகக் கேட்டது. அவர் பதிலுக்குத் தன் குரலை உயர்த்தினார். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சூப்பர்வைசர் வந்து, “அண்ணாச்சி, அவுகளுக்குக் காது கேக்காது, பாப்பாகிட்ட சொல்லுங்க” என்றார். அந்தச் சிறுமி நடுவில் நின்று, தன் அப்பாவிடம் ‘நீங்கள் தப்பாகப் புரிந்துகொண்டீர்கள்’ என்றும், கடைக்காரரிடம் ‘நீங்கள் ஏமாற்றுகிறீர்கள் என்கிறார் அப்பா’ என்றும் மாறி மாறிச் சொல்ல வேண்டியதாயிற்று. சற்று நேரத்தில் அவள் அழுதுவிட்டாள். தாய் அவள் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார். தந்தை பணத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பின்னால் போனார்.

உதட்டில் என்ன தெரியும்

கணவர் ஓரளவு உதட்டசைவைப் படிப்பவர். அதை வைத்தே கடைக்காரர்களோடு காலம் தள்ளி வருகிறார். அவர் விற்பனையாளரின் வாயில் கண்டது ‘பத்து… தள்ளுபடி’ என்பதே. இதை அவருடைய கவனக்குறைவு என்று சொல்ல முடியாது. ‘பட்டு’ என்பதற்கும் ‘பத்து’ என்பதற்கும் உள்ள வேறுபாடு முழுவதும் வாய்க்குள்ளேயே, நாக்கு நுனி எங்கே தொடுகிறது என்பதில் இருக்கிறது. வெளியே தெரியும் உதடுகள் இரண்டுக்கும் ஒரே மாதிரி மூடித் திறக்கின்றன. ப, ம இரண்டுக்கும் உதடு ஒன்றுபோலவே மூடும். ல, ள, ழ, ண, ற ஆகியவை கண்ணுக்கு எட்டாத இடத்தில் பிறப்பவை. க என்ற ஒலி தொண்டைப் பக்கமே நின்றுவிடும். பேச்சுத்தமிழில் ‘அம்பது’, ‘எம்பது’ என்று சொல்லும்போது முதல் எழுத்தின் வாய்த்திறப்பில் சிறிது மாற்றத்தைத் தவிர வேறு ஒன்றும் தெரியாது. விலை பேசும் இடத்தில் இது சாதாரண விஷயமல்ல. உதட்டைப் படிப்பவர் கண்டதில் பாதியையாவது சூழ்நிலையைக் கொண்டு ஊகித்தே நிரப்புகிறார். அன்றைய சூழ்நிலையில் ‘10’ என்ற எண் ஆள் உயரத்தில் வாசலிலேயே தொங்கியது.

சரி, ‘கெடையாது’ என்ற சொல் எங்கே போயிற்று? கேமராப் பதிவில் இதற்கு விடை இருந்தது. அந்த வாக்கியத்தைத் தொடங்கும்போது விற்பனையாளர் வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். முடிப்பதற்குள் அடுத்த புடவையை எடுப்பதற்காக அலமாரிப் பக்கம் திரும்பிவிடுகிறார். தமிழில் ஒரு செய்தி உண்டா இல்லையா என்பது வாக்கியத்தின் கடைசியில்தான் தீர்மானமாகிறது. முன்பாதியைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் பின்பாதியைத் திரும்பி நின்று சொல்பவர், எதிரில் இருப்பவருக்கு நேர்மாறான செய்தியைக் கொடுத்துவிடக் கூடும். இந்தியச் சைகை மொழியிலும் மறுப்பு வாக்கியத்தின் இறுதியில்தான் வருகிறது; எனவே அந்தக் கணவர் கடைசிவரை காத்திருந்து பார்க்கும் பழக்கமுள்ளவரே. பார்ப்பதற்கு அங்கே முகம் இல்லை, பின்னந்தலைதான் இருந்தது.

இதைவிட ஆழமான ஒரு காரணம் பட்டுப் பிரிவு இயங்கும் முறையிலேயே இருக்கிறது. காது கேட்கும் வாடிக்கையாளர் புடவையின் முந்தியைப் பார்த்துக்கொண்டே விற்பனையாளர் சொல்வதைக் கேட்கிறார். கண்ணுக்கு ஒரு வேலை, காதுக்கு ஒரு வேலை. விற்பனையாளரின் திறமையே விரிக்கும்போது இடைவிடாமல் பேசுவதில் இருக்கிறது: இது சுத்தமான ஜரிகை, இது கைத்தறி, இதற்குப் பிளவுஸ் பிட் தனியாக வராது, இதைத் தண்ணீரில் போடக் கூடாது. காது கேளாதவருக்கு இரண்டு வேலைக்கும் கண் ஒன்றே. அவர் புடவையைப் பார்த்தால் பேச்சை இழக்கிறார். முகத்தைப் பார்த்தால் புடவையை இழக்கிறார். கைகளில் புடவையைப் பிடித்துக்கொண்டு பேசுபவரால் விரலால் எண்ணைக் காட்டவும் முடியாது. அந்த அரை மணி நேரத்தில் விற்பனையாளர் சொன்னவற்றில் எதுவெல்லாம் போய்ச் சேர்ந்தது என்று மனைவியிடம் கேட்டபோது, நிறமும் பார்டரும் தவிர வேறு எதுவும் சேரவில்லை என்று தெரிந்தது. பிளவுஸ் பிட் தனியாக எடுக்க வேண்டும் என்பது அவருக்கு என்னுடன் பேசும்போதுதான் தெரியவந்தது.

விளக்கு அமைப்பும் உதவவில்லை. பட்டுப் பிரிவில் எல்லா விளக்குகளும் புடவை மீது விழும்படி வைக்கப்பட்டிருக்கின்றன. விற்பனையாளரின் முகம் நிழலில் இருக்கிறது. அவருக்குப் பின்னால் கண்ணாடிச் சுவர், அதில் தெருவின் வெளிச்சம். எதிரே உட்கார்ந்து பார்த்தேன். காது கேட்கும் எனக்கே அவர் முகம் கறுத்த வடிவமாகத்தான் தெரிந்தது.

தலையசைப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். விற்பனையாளர் தன் தரப்பில் வலுவாகச் சொன்னது, “அவரு தலையாட்டினாருல்லா சார்” என்பதுதான். காது கேளாதவரின் தலையசைப்புக்கு ஒப்புக்கொள்கிறேன் என்று மட்டும் பொருள் இல்லை. நீங்கள் பேசுவதைக் கவனிக்கிறேன் என்றும் இருக்கலாம். மூன்றாவது முறை திரும்பச் சொல்லும்படி கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்றும் இருக்கலாம். கேட்கும் திறன் குறைந்த வயதானவர்கள் கடைகளில் “ஆமா, ஆமா” என்று சொல்வதும் இதே வகை. ‘புரிந்ததா?’ என்ற கேள்விக்கு வரும் ஆமாம் எதையும் நிரூபிப்பதில்லை. எவ்வளவு கொடுக்கப் போகிறார் என்பதை அவரையே எழுதியோ கால்குலேட்டரில் அடித்தோ காட்டச் சொல்லியிருந்தால், 11,160 என்ற எண் பட்டுப் பிரிவிலேயே வெளிவந்து, விஷயம் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும்.

கேஷ் கவுண்டரும் குழந்தையும்

கேஷ் கவுண்டரின் கதை வேறு. அங்கே வாடிக்கையாளர் பக்கம் தொகையைக் காட்டும் சிறிய திரை ஒன்று இருக்கத்தான் செய்தது. அது சுவர்ப் பக்கம் திரும்பி, தினசரி நாட்காட்டிக்குப் பின்னால் மறைந்திருந்தது. பணப் பரிமாற்றம் நடந்ததை அறிவிக்கும் யுபிஐ ஒலிபெருக்கி மேசையில் இருந்தது. அதன் பயன் காதுள்ளவர்களுக்கு மட்டுமே. டெலிவரி கவுண்டரில் டோக்கன் எண்ணை வாயால்தான் கூப்பிட்டார்கள். ஆக, கடையில் முடிவான செய்தி ஒவ்வொன்றும், அதாவது தொகை, நிபந்தனை, முறை, பொருள் தயார் என்பது எல்லாம், காற்றில் ஒலியாக மட்டுமே போய்க்கொண்டிருந்தது. குரலை உயர்த்துவதால் இது சரியாகாது. காதுக்கருவி அணிந்தவருக்கும் ஆடி விற்பனைக் கூட்டத்தில் குரலோடு சேர்ந்து விளம்பர ஒலிபெருக்கியும் மின்விசிறியும் பெருகியே கேட்கும். கத்தும்போது வாயின் வடிவம் கோணி, உதட்டில் தெரிவதும் கெட்டுப்போகும். பார்க்கிற மற்றவர்களுக்கோ அது சண்டையாகத் தோன்றும்.

குழந்தையை மொழிபெயர்ப்பாளராக நிறுத்தியதை நான் இந்த நிகழ்வின் மிக மோசமான கட்டமாகக் கருதுகிறேன். காது கேளாத பெற்றோரின் கேட்கும் பிள்ளைகள் சிறு வயதிலிருந்தே வீட்டுக்கும் வெளியுலகுக்கும் இடையே பேசிப் பழகியவர்கள்தான். வழி கேட்பதற்கும் நிறம் சொல்வதற்கும் அவர்கள் தாமாகவே முன்வருவார்கள். ஆனால் பணத் தகராறில், ஏமாற்றுகிறீர்கள் என்ற சொல்லை ஒரு பக்கமும், உங்களுக்குப் புரியவில்லை என்ற சொல்லை மறுபக்கமும் தூக்கிச் செல்லும் வேலையை எந்தக் கடையும் ஒரு குழந்தையிடம் கொடுக்கக் கூடாது. சூப்பர்வைசர் நல்ல நோக்கத்தில்தான் சொன்னார். ஒரு தாளும் பேனாவும் அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன.

எழுதிக் காட்டுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. படித்தவர்தானே, தமிழில் எழுதிக் கொடுத்தால் புரிந்துகொள்வார் என்று எண்ணிப் பத்து வரி எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சைகை மொழியே முதல் மொழியாக இருப்பவருக்கு எழுத்துத் தமிழ், ஒலியைக் கேட்காமலே கற்ற இரண்டாவது மொழி. வேற்றுமை உருபுகளும் வினைமுற்றுகளும் நிறைந்த நீண்ட வாக்கியம் சிலருக்கு எளிது, சிலருக்கு மிகக் கடினம். இந்தக் கணவர் நாளிதழ் படிப்பவர். மனைவிக்குப் பெயர்ச்சொற்களும் எண்களும்தான் உடனே பிடிபட்டன. ‘பட்டு: தள்ளுபடி இல்லை. விலை ரூ.12,400’ என்ற ஒரு வரி இருவருக்கும் போதும்.

மறுநாளும் சட்டமும்

பில்லின் பின்புறத்திலும் பதாகையிலும் புகாருக்கென்று அச்சிட்டிருந்தது ஒரு தரைவழித் தொலைபேசி எண். கணவர் அதற்கு வாட்ஸாப் செய்தி அனுப்ப முயன்று, முடியாமல், மறுநாள் காலை நேரில் வந்தார். சைகை மொழி அறிந்த நண்பர் ஒருவரைக் காணொலி அழைப்பில் வைத்துக்கொண்டு முதலாளியிடம் பேசினார். முதலாளி பதாகையைத் தானே போய்ப் பார்த்துவிட்டு வந்து, அந்த ஒரு புடவைக்குத் தள்ளுபடி தருவதாகச் சொன்னார். கணவர் ஏற்றுக்கொண்டார், ஃபால்ஸ் அடித்து, குஞ்சம் கட்டியும் தர வேண்டும் என்று கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். நல்ல வாடிக்கையாளர் வேறென்ன செய்வார்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் இயற்றப்பட்டு 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. இரு காதுகளிலும் 70 டெசிபல் கேட்பிழப்பு உள்ளவரைக் காது கேளாதவர் என்றும், 60 முதல் 70 டெசிபல் வரை உள்ளவரைக் கேட்கும் திறன் குறைந்தவர் என்றும் அது வகைப்படுத்துகிறது; தகவல் தொடர்பு என்பதன் பொருளிலேயே சைகை மொழியையும் எழுத்தில் காட்டுவதையும் சேர்க்கிறது; அணுகத்தக்க வகையில் சேவை தரும் கடமை அரசு நிறுவனங்களோடு தனியாருக்கும் உண்டு என்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் தரம், அளவு, விலை பற்றித் தெரிவிக்கப்படுவதை நுகர்வோரின் உரிமையாக வைக்கிறது. கடையில் இந்த இரண்டையும் யாரும் அறிந்திருக்கவில்லை. என் கருத்தில், பதாகையின் விரற்கடை எழுத்து நிபந்தனை கேட்பவர், கேளாதவர் என்ற வேறுபாடின்றி எல்லோருக்கும் இழைத்த குறை. கேட்பவர்களுக்கு விற்பனையாளரின் வாய் அதை ஈடுகட்டியது, அவ்வளவுதான்.

மாற்றியவையும் அவற்றின் பயனும்

முதலாளி உடனே கேட்டது, எல்லோருக்கும் சைகை மொழி வகுப்பு வைக்கலாமா என்பதுதான். அதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம் என்றேன். இருபது சைகைகளைக் கற்ற ஒருவர், முகத்தைத் திருப்பிக்கொண்டும் நிழலில் நின்றுகொண்டும் இருந்தால் அந்த இருபதும் வீணாகும். ஒரு சைகையும் தெரியாதவர் நேராகப் பார்த்து, எண்ணைக் காட்டி, காத்திருந்தால் வியாபாரத்தின் பெரும்பகுதி நடந்துவிடும்.

எனவே முதலில் இடம் மாறியது. பட்டுப் பிரிவில் ஒரு விளக்கு விற்பனையாளரின் முகத்துக்குத் திருப்பப்பட்டது. கண்ணாடிச் சுவருக்குத் திரை வந்தது. ‘பட்டுக்கு ஆடித் தள்ளுபடி இல்லை’ என்ற பலகை, பட்டு விரிக்கும் மேடைக்கு நேர் மேலே பெரிய எழுத்தில் வைக்கப்பட்டது. அதன் பிறகு தள்ளுபடி பற்றி எழும் தகராறுகளே குறைந்துவிட்டதாகச் சூப்பர்வைசர் சொல்கிறார், அதிலும் பெரும்பாலானவை காது கேட்பவர்களுடையவை. கேஷ் கவுண்டரின் திரை நாட்காட்டியின் பின்னாலிருந்து மீட்கப்பட்டு வாடிக்கையாளரை நோக்கித் திரும்பியது. டெலிவரியில் டோக்கன் எண்ணைக் காட்டும் மின்பலகை மாட்டப்பட்டது. புகார் எண் வாட்ஸாப் உள்ள செல்பேசி எண்ணாக மாறியது.

பழக்கத்தை மாற்றுவது இவ்வளவு எளிதாக இல்லை. விரித்த பின் பேச்சை நிறுத்தி, வாடிக்கையாளர் நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருந்து, அதன் பிறகே பேச வேண்டும் என்று சொன்னபோது, மூத்த விற்பனையாளர் ஒருவர், சும்மா நின்றால் விருப்பமில்லாமல் காட்டுவதாக நினைப்பார்களே என்றார். நியாயமான ஐயம்தான், இந்தத் தொழிலில் மௌனம் அலட்சியமாகப் படும். ஒத்திகை பார்த்தபோது அவரே ஒரு வழி கண்டார்: முந்தியை விரித்து, விரலால் ஜரிகை மீது வருடிக் காட்டி, கையை எடுத்துவிட்டு, நிமிர்ந்து முகத்தைப் பார்ப்பது. கண்ணாடி முன் நிற்கும் வாடிக்கையாளரிடம் பின்னால் நின்று பேசாமல், கண்ணாடியில் தன் முகம் தெரியும்படி பக்கவாட்டில் நின்று பேசுவது என்பதை, அந்தத் தம்பதியர் செய்ததைப் பார்த்த ஒரு விற்பனைப் பெண் தானாகவே பழகிக்கொண்டிருந்தார். கூப்பிட வேண்டுமானால் பார்வை படும் இடத்தில் கையை அசைப்பது, அல்லது மேசையை லேசாகத் தட்டி அதிர்வை உணரச் செய்வது. தோளைத் தொடுவதைப் பொறுத்தவரை, பெண் வாடிக்கையாளரைப் பெண் ஊழியர் மட்டுமே தொடலாம் என்று கடையிலேயே முடிவு செய்துகொண்டார்கள்.

செல்பேசியில் பேச்சை எழுத்தாக மாற்றிக் காட்டும் செயலி பற்றி எல்லோருக்கும் பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. கூகுள் 2019இல் வெளியிட்ட லைவ் டிரான்ஸ்கிரைப் போன்றவை தமிழையும் எழுதிக் காட்டும். அமைதியான தையல் பிரிவில், நிறுத்தி நிதானமாகப் பேசியபோது அது ஓரளவு பயன்பட்டது. பட்டுப் பிரிவின் இரைச்சலில் விளம்பர ஒலிபெருக்கியின் வாசகங்களையே உற்சாகமாக எழுதித் தள்ளியது. திருநெல்வேலிப் பேச்சையும் அதனால் சரியாகப் பிடிக்க முடியவில்லை. ‘அவுக’, ‘இவுக’ எல்லாம் என்னென்னவோ ஆயின. கால்குலேட்டரும் சிறு எழுத்துப் பலகையும்தான் மேடையில் நிலைத்தன.

சைகை வகுப்பு அதன் பிறகு நடந்தது. நடத்தியவர் காது கேளாத ஒரு பெண், தையல் ஆசிரியை. டெல்லியில் 2015இல் தொடங்கப்பட்ட இந்தியச் சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையம் 2018இல் 3,000 சொற்களோடு வெளியிட்ட அகராதி, 2021இல் 10,000 சொற்களாக வளர்ந்திருக்கிறது; அதன் காணொலிகளை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். எனினும் சைகைச் சொற்கள் ஊருக்கு ஊர் மாறுபடுவதால், இந்தப் பகுதிக்காரர்கள் உண்மையில் பயன்படுத்தும் சைகைகளை இந்த ஊரில் வாழும் ஒருவரிடம் கற்பதே சரி என்று பட்டது. எண்கள், விலை, தள்ளுபடி, இல்லை, மாற்றிக்கொள்ளலாம், காத்திருங்கள், நன்றி, சில நிறங்கள் என்ற அளவில் வகுப்பு நின்றது. ஊழியர்களுக்குச் சைகைகளைவிட அதிகம் பயன்பட்டது வேறொன்று என்று நினைக்கிறேன். முகபாவம் இந்த மொழியின் இலக்கணத்தில் ஒரு பகுதி என்று அவர் காட்டியபோது, கேஷ் கவுண்டரில் இருந்தவர், அன்று கோபம் என்று தான் எண்ணியதில் பாதி கேள்வியாக இருந்திருக்க வேண்டும் என்று தானாகவே சொன்னார்.

சைகை தெரிந்தவர் என்று காட்டும் பட்டையைச் சட்டையில் குத்திக்கொள்ளும் திட்டம் கைவிடப்பட்டது. அதைப் பார்த்து வந்த ஒருவர் முழு வேகத்தில் சைகை செய்யத் தொடங்க, இருபது சொல் தெரிந்த விற்பனையாளர் விழித்தார். இருப்பதைவிட அதிகமாகக் காட்டிக்கொள்ளும் அறிவிப்பு, அறிவிப்பே இல்லாததைவிடத் தொல்லையானது. அதற்குப் பதிலாக, ‘எழுதிக் காட்டுவோம்’ என்ற சொல்லோடு ஒரு பேனாப் படம் மேடையில் ஒட்டப்பட்டது. கேட்கும் திறன் குறைந்த முதியவர்கள்தான் அதை அதிகமாகப் பயன்படுத்துகிறார்கள்.

தீராதவை சில உண்டு. தவணை நிபந்தனை, சேதமடைந்த பட்டுப்புடவையை மாற்றித் தருவது, ஆர்டர் கொடுத்து நெய்யும் புடவையின் ஒப்பந்தம் போன்றவற்றில் எழுத்துப் பலகை போதாது. மொழிபெயர்ப்பாளர் தேவை, அவரைக் காணொலியில் அழைப்பதற்கு வாடிக்கையாளரின் நண்பர்களையே இன்னும் நம்ப வேண்டியிருக்கிறது. அந்த அழைப்புக்கு ஆகும் நேரத்துக்குக் கடை கட்டணம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தேன். முதலாளி யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார். தீபாவளிக்கு எடுத்த தற்காலிக ஊழியர்களுக்கு இந்தப் பயிற்சி எதுவும் போய்ச் சேரவில்லை; அந்தக் கூட்டத்தில் ஒரு நாள், பழையபடி, கூட வந்த பையனிடம் விலை பேசிக்கொண்டிருந்த ஒருவரைச் சூப்பர்வைசர் கண்டு நிறுத்த வேண்டியிருந்தது. தையல் பிரிவு இப்போதும் பிளவுஸ் தயாரானதும் செல்பேசியில் அழைக்கிறது. எடுக்கப்படாத அழைப்புகளோடு காது கேளாத வாடிக்கையாளர்களின் துணிகள் அங்கே தங்கிவிடுகின்றன. ஆர்டர் சீட்டில் ‘அழைப்பு’, ‘செய்தி’ என்று இரண்டு கட்டங்களைச் சேர்க்கும்படி பில் மென்பொருள்காரரிடம் சொல்லப்பட்டிருக்கிறது. பொங்கல் விற்பனைக்கு முன் அது வராவிட்டால், கையாலேயே எழுதிக்கொள்வதாகத் தையல் பிரிவின் பொறுப்பாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.